அவிழ்க்கச் சொல்லாத தேதி

ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேருடைய டைரி வேண்டும் என்பது பெண் வீட்டாருக்கும் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பஞ்சாங்கம் ஒன்றுதான். மண்டபக்காரரிடம் ஒரு டைரி, சமையல்காரரிடம் ஒன்று, நாதஸ்வரக்காரரிடம் ஒன்று, கார் விடுபவரிடம் ஒன்று. பந்தல்காரருக்கு டைரி கிடையாது என்றாலும் கணக்கு உண்டு. ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. நான்கு இடத்தில் தேதி ஏறி ஐந்தாவது இடத்தில் ஏறாமல் போனால் மேளம் கொட்டும், பந்தல் நிற்கும், இலையில் சோறு விழாது.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்துகிற வேலை பொன்ராஜுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, தி.நகரில் பனகல் பார்க்குக்கு அருகே பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார். அண்டா கேட்டு வருகிறவர்கள், கூடவே நல்ல சமையல்காரர் இருக்கிறாரா என்று கேட்பார்கள். சமையல்காரரைச் சொன்னால் பந்தல் யார் போடுவார் என்பார்கள். கடைசியில் அண்டாவை விட்டுவிட்டுக் கல்யாணத்தையே அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் அவரே நம்பமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் அந்தப் பெருமைக்கு நல்ல அடி விழுந்தது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் விசாலாக்ஷி அம்மாள் என்பவருடைய மண்டபத்தில் ஒரு கல்யாணம். சமையல்காரர் சரி என்று தலையாட்டியிருந்தார். அதே நாளில் அடையாறில் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வரவே, சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய்விட்டார். முகூர்த்த நாளன்று அடுப்பு மூட்ட ஆள் இல்லை. ஓட்டல் ஓட்டலாக ஓடி இட்லி வாங்கி வந்து சமாளித்தார்கள். பெண்ணின் அப்பா மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் பொன்ராஜ் தூணுக்குப் பின்னால் போய் நின்றபோது, விசாலாக்ஷி அம்மாள் அங்கேயும் வந்துவிட்டார்.

"எல்லார்கிட்டயும் கேட்டேள், சரி. யாரையாவது கட்டிப் போட்டேளா? அதான் இப்போ இப்படி நின்னுண்டிருக்கேள்" என்றார்.

அந்த அம்மாளுக்குப் பேச்சில் இரக்கம் என்பதே கிடையாது. ஆனால் சொன்னதில் விஷயம் இருந்தது. பொன்ராஜ் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தன்னோடு வழக்கமாக வேலை செய்கிற ஐந்து பேரையும் டீக்கடையில் உட்கார வைத்து ஒரு ஏற்பாடு சொன்னார். மண்டபத்துக்கு அம்மாள் தன் ஆளை அனுப்பியிருந்தார். இனிமேல் ஒரே தடவையில் யாருக்கும் தேதி கொடுப்பது கிடையாது. முதல் சுற்றில், "தேதியைக் கட்டி வையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவார். முடியாதென்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும். கட்டிவிட்டேன் என்று சொன்னபின் அந்தத் தேதியை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. சொந்தக் காரியத்துக்கும் எடுக்கக் கூடாது. ஏன், எதற்கு என்று கேட்கவும் கூடாது. ஐந்து பேரும் கட்டினால் தேதி உறுதி என்று அன்றைக்கே ஐந்து பேருக்கும் தாம்பூலத் தட்டு வந்துவிடும். ஒருவர் முடியாதென்றாலும் மற்ற நால்வருக்கும், "அவிழ்த்துவிடுங்கள்" என்று சொல் வரும். இந்த இரண்டில் ஒன்று வரும்வரை கட்டியவர் காத்திருக்க வேண்டும். சொல் பொன்ராஜிடமிருந்துதான் வர வேண்டும்.

மற்றவர்கள் டைரியில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துக்கொண்டார்கள். பந்தல்கார ஹபீபுர் ரஹ்மான் மட்டும் அதைத் தன் தொழிலுக்கேற்ப வைத்துக்கொண்டார். மீர்சாகிப்பேட்டையில் அவர் வீட்டை ஒட்டினாற்போல் மூங்கில் அடுக்கி வைக்கும் கொட்டகை. அதன் மூலையில் ஒரு மூங்கில் தனியாக நிற்கும். தேதி கட்டச் சொல்லி ஆள் வந்தால், கயிறு ஒன்றை எடுத்து அந்த மூங்கிலில் ஒரு முடிச்சுப் போடுவார். எந்த முடிச்சு எந்தத் தேதி என்று அவருக்கு மட்டும் தெரியும். தாம்பூலம் வந்தால் அந்தக் கயிற்றைக் கொண்டுபோய்ப் பந்தக்காலில் முதல் கட்டுப் போடுவார். அவிழ்க்கச் சொன்னால் அவிழ்த்து மற்றக் கயிறுகளோடு போட்டுவிடுவார். எக்காரணம் கொண்டும் கயிற்றை அறுக்க மாட்டார்.

"கட்னா கட்னதுதான் அண்ணாச்சி" என்று அன்று டீக்கடையில் சொன்னார். ஐந்து பேரில் அவர்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

ஏற்பாடு பிரமாதமாக நடந்தது. அதன்பிறகு பொன்ராஜ் கைவைத்த கல்யாணம் எதிலும் ஒன்று இருந்து ஒன்று இல்லாமல் போனதில்லை. நடந்தால் முழுசாக நடக்கும், இல்லையென்றால் தொடங்கவே தொடங்காது. அடையாறு பங்களாக்காரர்கள்கூடக் காரை அனுப்பி அவரை அழைத்துப் போனார்கள். தன் மூளையை நினைத்து அவர் தானே அவ்வப்போது மெச்சிக்கொள்வார். ஆனால் அந்த மூளைக்கு ஒன்று தட்டுப்படவில்லை. ஐந்து பேரும் வார்த்தை தவறாமல் இருந்து, நடுவில் நிற்கிற ஆள் வாயைத் திறக்காமல் போனால் கட்டியவன் கதி என்ன? டீக்கடையில் இதை யாரும் கேட்கவில்லை. நடுவில் நின்றது அண்ணாச்சி ஆயிற்றே, கேட்கத் தோன்றுமா?

எழுபத்து நாலு ஆவணியில் அது வந்தது. தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், தெருவை அடைத்துப் பந்தல். அந்தப் பந்தலுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்தே ஹபீபுர் ரஹ்மான் பக்கத்தில் நின்றாக வேண்டும். முதல் சுற்றில் நால்வர் கட்டிவிட்டார்கள். சமையல்காரர் மட்டும் அன்றைக்கு முடியாது என்று கையை விரித்தார். அவர் சமையல் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று முதலாளி வீட்டார் முகூர்த்தத்தையே ஐப்பசிக்குத் தள்ளிவிட்டார்கள். வழக்கப்படி எல்லாருக்கும் அவிழ்க்கச் சொல்ல வேண்டியதுதான். கடையில் பொன்ராஜுக்கு வலது கையாக இருந்த இசக்கிமுத்து சைக்கிளை எடுத்தான்.

"பாய்க்கும் சொல்லிரட்டுமா அண்ணாச்சி?"

பொன்ராஜ் ஒரு நிமிஷம் யோசித்தார். அடையாறில் ஒரு நகைக்கடைக்காரர் அதே ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அரைகுறையாகக் கேட்டிருந்தார். அந்த ஆவணியில் ஊரெல்லாம் கல்யாணம், நல்ல பந்தல்காரர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அவிழ்க்கச் சொன்னால் பாயை வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். நாலு நாள் கட்டியபடியே இருக்கட்டும், நகைக்கடைக்காரர் சரியென்றால் வசதியாகப் போகும் என்று தோன்றியது. மற்றவர்களாக இருந்தால் இப்படிச் செய்யத் துணிந்திருக்க மாட்டார். பாய் நம்முடைய மனுஷன், ஒன்றும் நினைக்க மாட்டார் என்பதுதான் அவருக்கு வந்த தைரியம். உரிமை இருக்கிற இடத்தில்தான் மனிதனுக்கு இப்படியெல்லாம் புத்தி போகிறது.

"அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ மத்தவங்களுக்குச் சொல்லிட்டு வா" என்றார்.

மறுநாள் ஊரிலிருந்து தந்தி. பெரியப்பா காலமாகிவிட்டார். அப்பா இல்லாத பொன்ராஜைத் தூக்கி வளர்த்தவர். கடையை இசக்கிமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு, கட்டிய வேட்டியோடு எழும்பூரில் தூத்துக்குடி வண்டி ஏறினார்.

செங்கல்பட்டில் வண்டி நின்று, காபி வாங்கிக் குடிக்கும்போது பாயின் ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. பிளாட்பாரத்தில் இறங்கித்தான் நின்றுகொண்டிருந்தார், தந்தி ஆபீஸ் போர்டு கண்ணுக்கு நேரே இருந்தது. இசக்கிமுத்துவுக்கு ஒரு வரி கொடுத்திருந்தால் போதும். நாம் இல்லாத நேரத்தில் நகைக்கடைக்காரர் வந்து சரி என்று சொல்லிவிட்டால், பாயின் தேதி கட்டியபடி இருப்பது நல்லதுதானே என்று நினைத்தார். காபி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். பின்னாளில் எதை மறந்தாலும் அந்தக் காபியின் ருசியை அவரால் மறக்க முடியவில்லை.

அவர் ஊரில் காரியங்களில் இருந்தபோது மீர்சாகிப்பேட்டையில் வேறொன்று நடந்தது. ஹபீபுர் ரஹ்மானின் மகள் ஜஹீதாவுக்கு ஆம்பூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை குவைத்துக்குப் போகிறவர். போவதற்குள் நிக்காஹ் என்று பேச்சு, தேதி வைக்கவில்லை. திடீரென்று விசா வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவர் பம்பாயில் இருக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருந்த அவருடைய தாத்தாவின் கண் முன்னால் நிக்காஹ் நடக்க வேண்டும் என்பதால், பந்தலுக்குக் கட்டியிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆம்பூருக்கு வந்துவிடுங்கள் என்று மாப்பிள்ளையின் அண்ணன் நேரிலேயே வந்து சொன்னார்.

ஹபீபுர் ரஹ்மான் அவருக்குச் சாப்பாடு போட்டு உட்காரவைத்துவிட்டு, நேராகப் பாத்திரக் கடைக்கு வந்தார். அங்கே இசக்கிமுத்துதான் இருந்தான். சேதியைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோஷம்.

"அந்தக் கல்யாணம் தள்ளிப் போயிட்டு பாய். நீங்க பாட்டுக்கு ஆம்பூருக்குக் கிளம்புங்க."

"எனக்கு அவுக்கச் சொன்னாரா?"

"இல்ல. மத்தவங்களுக்குத்தான் சொல்லச் சொன்னாரு. உங்ககிட்ட அவரே பேசிக்கிடுதேன்னாரு."

மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் சொல்லவில்லையென்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று ஹபீபுர் ரஹ்மானுக்குப் பட்டது. வேறொரு வீட்டுக்கு அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருக்கலாம். அந்த வீட்டிலும் ஒரு பெண் இருக்கும், அந்தப் பெண்ணுக்கும் ஒரு அப்பா இருப்பார். அறுபத்தொன்பதில் மாட வீதி வாசலில் கைகூப்பி நின்றவரை அவரும் பார்த்தவர்தான்.

"வேற இன்னாவோ மனசுல வச்சிக்கினு கீறாரு. கட்டச் சொன்னவரே வந்து அவுக்கச் சொல்லட்டும்" என்றார்.

இசக்கிமுத்து பதறிப்போய், ஊருக்கு உடனே தந்தி கொடுத்துக் கேட்டுவிடுகிறேன் என்று சட்டையை மாட்டினான். ஹபீபுர் ரஹ்மான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். சாவு வீட்டுக்குக் கல்யாணச் சேதி கேட்டுத் தந்தி அனுப்புவாயா, அவர்கள் அழுகிற நேரத்தில் இது என்ன பேச்சு என்று கடிந்துகொண்டார். அவனுக்கும் அது தப்பென்றுதான் பட்டது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பி, நிக்காஹை ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று ஹபீபுர் ரஹ்மான் கெஞ்சிப் பார்த்தார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். மாப்பிள்ளையின் அண்ணன் எழுந்துகொண்டார். பெற்ற பெண்ணைவிட எவனோ ஒருவன் வீட்டுப் பந்தல்தான் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டாராம். ஆம்பூரில் சொந்தத்திலேயே ஒரு பெண் இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே தாத்தாவின் கண் முன்னால், அந்தப் பெண்ணுக்கும் அந்த மாப்பிள்ளைக்கும் நிக்காஹ் நடந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஹபீபுர் ரஹ்மான் ஆட்களோடு கொட்டகையில் தயாராக உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. நகைக்கடைக்காரர் அந்தத் தேதியைக் கேட்டதையே மறந்துபோயிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து பொன்ராஜ் திரும்பி வந்தபோது, இசக்கிமுத்து கடை வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பொன்ராஜ் உள்ளே போகாமல் அப்படியே மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தார். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் செய்துகொண்டே போனார். ஹபீபுர் ரஹ்மான் அவரைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு எத்தனை வயது, எப்படிப் போனார், கடைசியில் பேசினாரா என்றெல்லாம் விசாரித்தார். ஜஹீதா டீ கொண்டுவந்து வைத்தாள். தன் வீட்டு விஷயம் எதையும் அவர் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்கிறவரிடம் போய் எப்படி ஆரம்பிப்பது என்று பொன்ராஜுக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு விட்டது, விட்டதுதான். பிறகு ஒவ்வொரு தடவையும் இன்னும் கஷ்டமாகப் போயிற்று. தேதியே போய்விட்டது, இனி அவிழ்க்க என்ன இருக்கிறது என்று ஒரு சாக்கும் கிடைத்தது.

ஹபீபுர் ரஹ்மான் வேலையை விடவில்லை. பொன்ராஜின் கல்யாணங்களுக்குப் பந்தல் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்று மட்டும் மாறியது. முதல் சுற்றுக்கு இசக்கிமுத்து போனால், எல்லாம் முடிவான பிறகு வா, தேதி காலியாக இருந்தால் வருகிறேன் என்று அனுப்பிவிடுவார். பொன்ராஜும் அதைப் பற்றி வாய் திறந்து கேட்டதில்லை.

ஜஹீதாவுக்கு அதன்பிறகு வந்த வரன்களெல்லாம் வந்த வழியே போயின. நிக்காஹ் வரை வந்து நின்ற பெண் என்றால் ஏதாவது இருக்கும் என்று ஜனங்கள் பேசினார்கள். நடந்தது இதுதான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் தையல் பழகி, வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மெஷின் சத்தம் கேட்கும். பொன்ராஜ் கூடுமானவரை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார்.

எழுபத்தொன்பதில் பொன்ராஜின் மகள் ஜெயபாரதிக்குக் கல்யாணம் கூடிவந்தது. தை மாதத்தில் நல்ல முகூர்த்தம். சொந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு இசக்கிமுத்துவை அனுப்ப மனம் வராமல், முதல் சுற்றுக்குத் தானே புறப்பட்டார். விசாலாக்ஷி அம்மாள் மண்டபத்துக்குத் தேதி கட்டினார். சமையல்காரர் கட்டினார், நாதஸ்வரம் கட்டியாயிற்று, கார் கட்டியாயிற்று. கடைசியில் மீர்சாகிப்பேட்டை.

ஜஹீதா தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். ஹபீபுர் ரஹ்மான் அவரைக் கொட்டகைக்குள் அழைத்துப் போய்ப் பாய் விரித்து உட்காரவைத்தார். பெண்ணுக்குக் கூடிவந்திருக்கிறது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அது பொய் மலர்ச்சி இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும், தேதியைக் கட்டி வையுங்கள் என்று சொல்ல வந்த பொன்ராஜ் பார்வையைக் கொட்டகைக்குள் ஓடவிட்டார். மூலையில் அந்தத் தனி மூங்கில் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு முடிச்சு இருந்தது, கயிறு கறுத்துப்போய்.

"அது யாரோடது பாய்?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களோடதுதான் அண்ணாச்சி. அந்த ஆவணி ஞாயித்துக்கெழமை."

"இன்னுமா வச்சிருக்கீங்க?"

"நீங்க ஒண்ணும் சொல்லலியே."

அதில் கோபம் இருந்திருந்தால் பொன்ராஜ் எப்படியாவது சமாளித்திருப்பார். குத்தலாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. மூங்கில் எத்தனை அடி என்று கேட்டால் சொல்வதுபோல அவர் சொன்னார். செங்கல்பட்டையும் காபியையும் நகைக்கடைக்காரரையும் இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று பொன்ராஜ் வாயைத் திறந்தார். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதரிடம் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான், அந்த ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்று உறைத்தது.

"அவுத்துடுங்க பாய்" என்றார்.

ஹபீபுர் ரஹ்மான் தலையை ஆட்டினார். எழுந்திருக்க முழங்காலைப் பிடித்தவர், வலியில் திரும்ப உட்கார்ந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜஹீதா, இங்க வாம்மா. அந்த முடிச்சை அவுத்துடு. அண்ணாச்சி சொல்ட்டாரு."

மெஷின் சத்தம் நின்றது. ஜஹீதா வந்து மூங்கிலுக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு அது என்ன முடிச்சு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். கயிறு இறுகி, மூங்கிலோடு ஒட்டிப்போயிருந்தது.

"அறுத்துடவா அத்தா? கத்தரி கீது."

"வாணாம்மா. அவுக்கத்தான் சொன்னாரு."

அவள் உள்ளே போய்த் தையல் ஊசி ஒன்றை எடுத்துவந்து, முடிச்சின் இடுக்கில் விட்டு மெல்ல மெல்ல நெகிழ்த்தினாள். நான் செய்கிறேன் என்று பொன்ராஜ் ஒரு தடவை எழுந்தார். அவள் வேண்டாமென்று தலையசைத்துவிட்டாள். மறுபடியும் பாயில் உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் முடிச்சு விட்டது. வெளியே வந்த பிறகும் கயிறு நிமிரவில்லை, சுருண்டபடியே இருந்தது. அதை அவள் மற்றக் கயிறுகளோடு போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஜெயபாரதிக்கு எந்தத் தேதி மாமா?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து நான்கு பேரிடம் தடங்கலில்லாமல் சொன்ன தேதி அது. பொன்ராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல், சுருண்டு கிடந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.